நெரிசலில் விண்மீன் பிறக்குமா? தொலைதூர இளம் கேலக்ஸிக் கொத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்துக்கு ஒரு தடவை, மழை விட்டுக்கொடுத்தால், சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கை ஒட்டிய திடலில் ஒரு சிறு தொலைநோக்கியை வைத்து அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு வானம் காட்டுகிறேன். நிலாவின் குழிகளையும் சனியின் வளையத்தையும் பார்த்து முடித்ததும் சின்னப் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பெரியவர்களும் தொடக்கக் கல்லூரி மாணவர்களும் நின்று பேசுவார்கள். சென்ற ஆண்டு தமிழ்மொழி மாதத்தின்போது தொலைதூரக் கேலக்ஸிக் கொத்துகளைப் பற்றி ஒரு மாலை பேசினேன். அன்றிலிருந்து அதே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. நின்றுகொண்டே சொன்ன பதில்கள் அரைகுறையாகப் போயின என்ற மனக்குறை எனக்கு உண்டு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். கேலக்ஸிக்கு விண்மீன் மண்டலம், உடுத்திரள், பேரடை என்று தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. குழப்பம் வேண்டாம் என்று இங்கே கேலக்ஸி என்றே எழுதுகிறேன்.

கேலக்ஸிக் கொத்து என்பது என்ன?

ஈர்ப்புவிசையால் ஒன்றையொன்று பிடித்துவைத்திருக்கும் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட, கேலக்ஸிகளின் கூட்டம். நமக்கு அருகிலுள்ள பெரிய கொத்து கன்னி ராசித் திசையில் இருக்கிறது. தூரம் சுமார் 5 கோடியே 40 லட்சம் ஒளியாண்டு. கேலக்ஸிகள்தான் கண்ணுக்குத் தெரிகின்றன என்றாலும் கொத்தின் எடையில் அவற்றின் பங்கு மிகக் குறைவு. பெரும்பகுதி கரும்பொருள், அதாவது ஒளி எதையும் வெளியிடாமல் ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும் பொருள். அதற்கு அடுத்தது கேலக்ஸிகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் வாயு. அதன் வெப்பம் கோடிக்கணக்கான டிகிரி, அதனால் அது எக்ஸ் கதிரில் ஒளிர்கிறது. இந்தச் சூடான வாயுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பிறகு வரும்.

விண்மீன் பிறக்க என்ன தேவை?

குளிர்ந்த வாயு. முக்கியமாக, மூலக்கூறாகச் சேர்ந்த ஹைட்ரஜன். வாயு குளிர்ந்தால்தான் தன் எடையாலேயே சுருங்கி விண்மீனாக முடியும், சூடான வாயு விரிந்தே கிடக்கும். நம் பால்வெளியில் ஆண்டுக்குச் சுமார் ஒன்று முதல் இரண்டு சூரியன் எடைக்கு விண்மீன்கள் பிறக்கின்றன. கீழே வரும் எண்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேலக்ஸிகள் நெருக்கமாக இருந்தால் விண்மீன் பிறப்பு நின்றுவிடுமாமே, உண்மையா?

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. இன்றைய பிரபஞ்சத்தில் பெரும்பாலும் உண்மை. ஆலன் டிரெஸ்லர் 1980இல் 55 கொத்துகளில் சுமார் 6,000 கேலக்ஸிகளை வகைபிரித்துப் பார்த்தார். நெருக்கம் கூடக்கூடச் சுருள் கேலக்ஸிகள் குறைந்தன. புதிதாக எதையும் பெறாத, பழைய விண்மீன்களால் சிவந்து தெரியும் நீள்வட்டக் கேலக்ஸிகளும் வில்லை வடிவக் கேலக்ஸிகளும் கூடின.

இது எப்போதுமே இப்படித்தானா என்ற சந்தேகத்தை அதற்கு முன்பே இரண்டு பேர் கிளப்பியிருந்தார்கள். ஹார்வி புட்சரும் அகஸ்டஸ் ஓம்லரும் 1978இலும் 1984இலும் வெளியிட்ட ஆய்வுகளில், 400, 500 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கொத்துகளில் நீலக் கேலக்ஸிகள் இன்றைவிட அதிகம் என்று காட்டினார்கள். நீல நிறம் என்றால் சூடான இளம் விண்மீன்கள், அதாவது அங்கே பிறப்பு நடந்துகொண்டிருந்தது. இன்று ஓய்ந்து கிடக்கும் ஊர் ஒருகாலத்தில் பிள்ளைச் சத்தத்தோடு இருந்திருக்கிறது.

கொத்துக்குள் போன கேலக்ஸிக்கு என்னதான் ஆகிறது?

பல வழிகளில் வாயுவை இழக்கிறது. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, எதிர்க்காற்று. ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972இல் முன்வைத்த கருத்து. கேலக்ஸி நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் கொத்தின் சூடான வாயுவுக்குள் பாய்கிறது. மோட்டார்சைக்கிளின் பின்னிருக்கையில் உட்கார்ந்து துவாஸ் பக்கம் விரைவுச்சாலையில் போயிருக்கிறீர்களா? தளர்வாகப் போட்ட துப்பட்டா பறந்துவிடும், ஆள் அப்படியே இருப்பார். கேலக்ஸியிலும் விண்மீன்கள் நகராமல் நிற்க, அவற்றுக்கு இடையிலுள்ள வாயு மட்டும் பின்னால் பிய்த்துக்கொண்டு போகும். நார்மா கொத்தில் உள்ள இஎஸ்ஓ 137-001 என்ற கேலக்ஸியின் படத்தைத் தேடிப் பாருங்கள். நீல இழைகள் வால்போல நீளும். சொறிமீனைப் போன்ற தோற்றத்தால் இவற்றுக்கு ஜெல்லிமீன் கேலக்ஸி என்றே பெயர். அந்த வாலுக்குள்ளேயும் சில விண்மீன்கள் பிறப்பதைப் பார்க்கிறோம்.

இரண்டாவது மெதுவானது, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. எந்தக் கேலக்ஸியும் கையிருப்பு வாயுவை மட்டும் நம்பி வாழ்வதில்லை, வெளியிலிருந்து புதிய வாயு வந்துகொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் ஏரிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால்வாய் அடைபட்டால் ஏரி மறுநாளே வறண்டுவிடாது. இருக்கும் நீரில் ஒரு போகம் விளையும், அடுத்த போகத்தில்தான் கஷ்டம் தெரியும். லார்சன், பியாட்ரிஸ் டின்ஸ்லி, கால்டுவெல் மூவரும் 1980இல் இதைத்தான் சொன்னார்கள்: கொத்துக்குள் விழும் கேலக்ஸி தன்னைச் சுற்றியிருந்த வாயுப் போர்வையை இழக்கிறது, கையிருப்பு தீர்ந்ததும் மெல்ல ஓய்கிறது.

மூன்றாவது உரசல். கேலக்ஸிகள் ஒன்றையொன்று மிக வேகமாகக் கடந்துபோகும்போது ஈர்ப்பால் இழுபட்டு உருக்குலைகின்றன. சிறிய கேலக்ஸிகளுக்குப் பாதிப்பு அதிகம்.

அப்படியானால் இளம் கொத்துகளில்?

பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டு. விண்மீன் பிறப்பு உச்சத்தில் இருந்தது சுமார் 1000 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, அதிலிருந்து குறைந்துகொண்டே வருகிறது. அந்த உச்சக்காலத்துக் கொத்துகளை நேரில் பார்த்தால் டிரெஸ்லரின் விதி நிற்குமா என்பதுதான் கேள்வி.

2010இல் கிம்-வி டிரான் தலைமையிலான குழு சுமார் 960 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு கொத்தை ஆராய்ந்தது. மையத்தை நோக்கிப் போகப்போக விண்மீன் பிறக்கும் கேலக்ஸிகளின் பங்கு கூடியது. இன்றைய வழக்கத்துக்கு நேர் தலைகீழ்! அதற்கு மூன்றாண்டு முன்பே, கொத்து என்று சொல்ல முடியாத சாதாரண நெருக்கங்களில், டேவிட் எல்பாஸ் குழுவும் இந்தத் தலைகீழ் போக்கைச் சுட்டிக்காட்டியிருந்தது.

இன்னும் பின்னால் போனால் எண்கள் மலைக்கவைக்கும். 2016இல் தாவ் வாங் குழு அறிவித்த சிஎல் ஜே1001+0220 என்ற கொத்தின் ஒளி 1110 கோடி ஆண்டு பயணம் செய்து வந்தது. அதன் மையத்தில், சுமார் 2.6 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள், 11 பெரிய கேலக்ஸிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றில் 9 கேலக்ஸிகள் வெறித்தனமான வேகத்தில் விண்மீன்களைப் பெறுகின்றன. மொத்தம் ஆண்டுக்கு 3,000 சூரியன் எடைக்கு மேல். அதே இடத்திலிருந்து சந்திரா விண்கலம் எக்ஸ் கதிரையும் பிடித்தது, அதாவது சூடான வாயு அங்கே ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. சூடான வாயுவும் கொந்தளிக்கும் பிறப்பும் ஒரே வீட்டில்!

2018இல் டிம் மில்லர் குழு வெளியிட்ட எஸ்பிடி2349-56 இன்னும் இளையது. பெருவெடிப்புக்குப் பின் வெறும் 140 கோடி ஆண்டு. சுமார் 4 லட்சம் ஒளியாண்டு அகலத்துக்குள் 14 கேலக்ஸிகள், ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 சூரியன் எடை. நம் பால்வெளியும் ஆண்ட்ரோமெடாவும் 25 லட்சம் ஒளியாண்டு இடைவெளியில் இருப்பதை நினைத்தால் அந்த நெரிசல் புரியும். முழுமையாகக் கட்டியெழாத இத்தகைய கூட்டங்களை முன்கொத்து என்று சொல்லலாம்.

ஒரே நெரிசல் அன்று பிறப்பைக் கூட்டியது, இன்று நிறுத்துகிறது. எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டது. அன்று இரவு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை.

விடை வாயுவின் வரவில் இருக்கிறது. பிரபஞ்சத்தின் பொருள் சிலந்தி வலைபோல இழை இழையாகப் படர்ந்திருக்கிறது. இழைகள் சந்திக்கும் முடிச்சில்தான் கொத்து உருவாகிறது. இளமையில் அந்த இழைகளின் வழியாகக் குளிர்ந்த வாயு நேரே முடிச்சுக்குள் பாயும். பல ஆறுகள் கூடும் இடத்தில் ஊர் செழிப்பதுபோல, நெருக்கமான இடமே வளமான இடமாக இருந்தது. அவிஷாய் டெக்கல், யுவால் பிர்ன்போய்ம் இருவரும் 2006இல் கணக்கிட்டுச் சொன்னது இது: சுற்றியுள்ள கரும்பொருள் கூடு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி சூரியன் எடையைத் தாண்டும்வரை உள்ளே வரும் வாயு குளிர்ந்தே வரும். தாண்டிவிட்டால் வரும் வாயு மோதி அதிர்ச்சியலையில் சூடேறும். ஆனால் ஆதிப் பிரபஞ்சத்தில், அந்த எடையைத் தாண்டிய கூடுகளுக்குள்ளும் அடர்ந்த இழைகள் சூட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

இந்த இழைகளை நேரில் கண்டதும் உண்டு. எஸ்எஸ்ஏ22 என்ற முன்கொத்து 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது, அதன் ஒளி சுமார் 1160 கோடி ஆண்டு பழையது. 2019இல் ஹிடேகி உமேஹாட்டா குழு, சிலியிலுள்ள பெரும் தொலைநோக்கியால், அங்கே 30 லட்சம் ஒளியாண்டுக்கும் மேலாக நீளும் வாயு இழைகள் மங்கலாக ஒளிர்வதைப் படம்பிடித்தது. தீவிரமாக விண்மீன் பெறும் கேலக்ஸிகளும் வளரும் கருந்துளைகளும் அந்த இழைகளின் மேலேயே கோத்ததுபோல இருந்தன. அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது காவிரிக் கரையின் ஊர்களைத்தான் நினைத்தேன்.

பிறகு கொத்து கனக்கிறது, வாயு சூடாகிறது, இழைகள் மெலிகின்றன. வரத்து நின்றுபோகிறது. நெரிசல் மாறவில்லை, ஆற்றுநீர்தான் நின்றது. ஆகவே "நெரிசல் விண்மீன் பிறப்பைக் கொல்லும்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். எந்தக் காலத்து நெரிசல், அங்கே வாயு குளிர்ந்து வருகிறதா சூடேறிக் கிடக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும்.

அந்த மாற்றம் எப்போது நடக்கிறது? நடக்கும்போது பிடித்துவிட முடியுமா?

பிடித்திருக்கிறார்கள் என்றே சொல்லலாம். சிலந்திவலைக் கேலக்ஸியைச் சுற்றியுள்ள முன்கொத்தின் ஒளி சுமார் 1060 கோடி ஆண்டு பழையது. பெருவெடிப்பின் மிச்சமாக வானெங்கும் பரவியிருக்கும் பின்னணி நுண்ணலைக் கதிரில், சூடான வாயு ஒரு சிறு நிழல்போன்ற தடத்தை விடும். லூகா டி மாஸ்கோலோ குழு 2023இல் அல்மா தொலைநோக்கியால் அங்கே அந்தத் தடத்தைக் கண்டது. கொத்து தன் சூடான வளிமண்டலத்தை அப்போதுதான் கட்டத் தொடங்கியிருந்தது.

சிஎல் ஜே1001இலும் தடயம் உண்டு. அதே வாங் குழு 2018இல் கேலக்ஸிகளின் குளிர்வாயுவை அளந்தபோது, மையத்துக்கு அருகே போகப்போகக் கையிருப்பு குறைவாக இருந்தது. வெளியே பார்த்தால் அமோக விளைச்சல், களஞ்சியத்துக்குள் அடிமட்டம் தெரிகிறது.

இங்கே ஒரு நுட்பம். தேக்காவில் கூட்டம் அலைமோதும் பிரியாணிக் கடையையும் ஈயோட்டும் கடையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி லாரி வராமல் போனால் எது முதலில் மூடும்? கூட்டம் உள்ள கடைதான். 2014இல் ஷான் மெக்கீ, ரிச்சர்ட் பவர், மைக்கேல் பாலோ மூவரும் இளங்கொத்துகளுக்கு இதையே சொன்னார்கள். அன்றைய கேலக்ஸி பிறப்பு வேகமும் அதிகம், வெளியே ஊதித் தள்ளும் வாயுவும் அதிகம். வரத்து நின்றதும், எதிர்க்காற்று வந்து பிய்க்கும் முன்பே, தானே தீர்த்துவிடும். அக்காலத்துக் கேலக்ஸியின் கையிருப்பு வாயு 50 கோடியிலிருந்து 100 கோடி ஆண்டுக்குத்தான் தாங்கும். இன்றைய கேலக்ஸிக்கு அது இருமடங்குக்குக் குறையாது.

எல்லா இளங்கொத்தும் இப்படிக் கொந்தளிக்குமா?

இல்லை. 1000 கோடி ஆண்டுக்கு முன்பே மையத்தில் சிவந்து ஓய்ந்த கேலக்ஸிகளைக் கொண்ட கொத்தும் உண்டு. ஜான் வில்லிஸ் குழு 2020இல் விவரித்த எக்ஸ்எல்எஸ்எஸ்சி 122 அப்படிப்பட்டது, அதன் ஒளி 1040 கோடி ஆண்டு பழையது. இதற்குக் கிட்டத்தட்ட அதே காலத்துச் சிலந்திவலை இன்னும் கட்டுமானத்தில் இருக்கிறது. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளில் ஒருவன் மீசை முளைத்து நிற்பான், இன்னொருவன் சிறுவனாகவே இருப்பான், அதுபோலத்தான். ஒன்றிரண்டு கொத்துகளைப் பார்த்துவிட்டுப் பொதுவிதி சொல்வது ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

கேலக்ஸி ஓய்வது சுற்றத்தாலா, பிறவிக் குணத்தாலா?

இரண்டாலும். யிங்ஜியே பெங் குழு 2010இல் இரண்டையும் பிரித்துக் காட்டியது. பெரிய எடையுள்ள கேலக்ஸி எங்கே இருந்தாலும் சீக்கிரம் ஓயும், அது பிறவி. நெரிசலில் இருப்பவை எந்த எடையானாலும் கூடுதலாக ஓயும், அது சுற்றம்.

இளங்கொத்துகளில் இந்தப் பிரிவினை அவ்வளவு சுத்தமாக நிற்பதில்லை. ஜெமினி தொலைநோக்கிகளைக் கொண்டு நடந்த கோகிரீன் ஆய்வு, 800 முதல் 900 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கொத்துகளில் ஓய்ந்த கேலக்ஸிகள் வெளியைவிட மிக அதிகம் என்று கண்டது. ஆனால் ஓய்ந்தவற்றின் எடைப் பரவல் கொத்திலும் வெளியிலும் ஏறக்குறைய ஒன்றே. கொத்தில் உள்ளவை வெளியில் உள்ளவற்றைவிடச் சில பத்துக்கோடி ஆண்டுகளே மூத்தவை. கொத்தின் பெரிய கேலக்ஸிகள் கொத்துக்குள் விழுந்தபின் கொல்லப்பட்டவை என்றால் இப்படி இருக்காது. முன்கொத்துப் பருவத்திலேயே வேகமாக வளர்ந்து, வேகமாக ஓய்ந்தவை என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆகவே இளங்கொத்தின் கொந்தளிப்பும் முதிர்ந்த கொத்தின் அமைதியும் ஒரே கதையின் முதல் பாதியும் மறுபாதியும்.

கருந்துளைக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. கொத்தின் நடுவேயுள்ள பெரிய கேலக்ஸியின் கருந்துளை சுற்றியுள்ள வாயுவைக் கிளறிச் சூடாகவே வைத்திருக்கும், குளிரவிடாது. அது தன் வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பார்க்ஸ்1049 கொத்து சாட்சி. சுமார் 990 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. குளிர்ந்த வாயு நடுக் கேலக்ஸியைவிட்டு விலகித் தேங்கியிருந்ததால் கருந்துளைக்குத் தீனி இல்லை, அதனால் சூடேற்றுவாரும் இல்லை. அங்கே ஆண்டுக்கு ஏறக்குறைய 900 சூரியன் எடைக்கு விண்மீன்கள் பிறப்பதாக 2020இல் ஜூலி லவாசெக்-லாரண்டோ குழு தெரிவித்தது.

இவ்வளவு தூரத்தில் பிறப்பை எப்படி எண்ணுகிறார்கள்?

இளம் விண்மீன்கள் சுற்றியுள்ள ஹைட்ரஜனை ஒளிரவைக்கும். அந்தச் சிவப்பு ஒளியின் அலைநீளம் 656.3 நானோமீட்டர். பிரபஞ்சம் விரிவதால் ஒளியும் நீளும். சிஎல் ஜே1001இலிருந்து வரும்போது மூன்றரை மடங்காகி 2,300 நானோமீட்டர் அகச்சிவப்பாக வந்து சேரும். ஆனால் கடும் பிறப்பு நடக்கும் இடம் தூசி மண்டியிருக்கும். இந்தோனீசியப் புகைமூட்டம் வந்த நாள்களில் எதிர்ப் புளோக்கே தெரியாமல் போனதே, அதுபோல. தூசி அந்த ஒளியை விழுங்கிச் சூடாகி நீண்ட அலைகளில் திருப்பி அனுப்பும். அதைப் பிடிக்கத்தான் சிலியில் 5,000 மீட்டர் உயரத்தில் அல்மாவின் 66 அலைவாங்கிகள். கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் நம்பினால் எஸ்பிடி2349-56 போன்றவை தப்பியே போயிருக்கும்.

நம் பால்வெளியும் ஒருநாள் கொத்துக்குள் போய் ஓயுமா?

நாம் கொத்தில் இல்லை, சிறு குழுவில் இருக்கிறோம். கன்னிக் கொத்து நம்மை இழுக்கிறது, ஆனாலும் பிரபஞ்சத்தின் விரிவு வென்றுவிடுவதால் நாம் அதிலிருந்து விலகிக்கொண்டே இருக்கிறோம்.

சிங்கப்பூரிலிருந்து இதில் எதையாவது பார்க்க முடியுமா?

2016இல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் மிக மோசமான இடம் நம் நாட்டுக்கு. இங்கே யாருடைய கண்ணும் முழு இருட்டுக்குப் பழக வழியில்லை. இளங்கொத்துகளோ பெரிய ஆய்வகங்களுக்கே அரிதாக அகப்படுபவை. ஆனால் அவை இருக்கும் திசையைச் சுட்டிக்காட்ட முடியும், அதற்கு நம் முன்னோர் பெயரிட்ட நட்சத்திரங்களே போதும்.

ஏப்ரல் இறுதியில் இரவு பதினொரு மணிவாக்கில், உத்திரம் நட்சத்திரத்திலிருந்து கிழக்கே, நீட்டிய கையில் விரல்களை மடக்கிய ஒரு முட்டி அகலம் தள்ளி, ஏறக்குறைய உச்சியில் கன்னிக் கொத்து இருக்கும். முதிர்ந்த கொத்து. அதற்குத் தென்கிழக்கே பளிச்சென்று தெரிவது சித்திரை.

இளையதையும் காட்டுகிறேன். சிஎல் ஜே1001+0220 என்ற பெயரின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: வான நடுக்கோட்டுக்கு வடக்கே 2 பாகை 20 கலை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 1 பாகை 20 கலை. ஆக அந்தக் கொத்து நம் உச்சந்தலைக்கு ஒரே ஒரு பாகை தள்ளித்தான் தினமும் கடந்துபோகிறது. தமிழ்ப் புத்தாண்டை ஒட்டிய இரவுகளில் ஒன்பதரை மணிக்கு வெளியே வந்து மகம் நட்சத்திரத்தைத் தேடுங்கள். அதிலிருந்து தெற்கே ஒரு முட்டி அகலம். அங்கே உங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பது கேலக்ஸிகள் ஆண்டுக்கு மூவாயிரம் சூரியன்களைப் பெற்றுக்கொண்டிருந்த காலத்தின் ஒளி, அந்த இடத்திலிருந்துதான் உங்கள் முகத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும்.